இல்லத்துக் கணிப்பொறி பழுதாவது ஏன்?

ஒரு காலத்தில் கணிப்பொறி என்றால், பெருநகரங்களின் அலுவலகங்களில், குளிரூட்டப்பட்ட அறைகளில், கண்ணாடிக் கதவுகளுக்கு அப்பால் இருந்த விந்தைப் பொருள். இன்று அது நம் இல்லங்களுக்குள் நுழைந்து, தையல் எந்திரத்தின் அருகிலும் தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்திலும் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், பல லட்சம் மாணவ மாணவியரின் கைகளில் இப்பொறியைக் கொண்டுவந்து சேர்த்தது. அவர்களுள் பலருடைய வீட்டில் அதுவே முதல் கணிப்பொறி.

அஞ்செட்டிக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையே காடும் குன்றும் சூழ்ந்திருக்கும் நாட்றாம்பாளையம் போன்ற எல்லையோரச் சிற்றூர்களும் இம்மாற்றத்திற்கு விலக்கல்ல. பள்ளியில் கிடைத்த மடிக்கணினி ஒரு வீட்டில். ஓசூர் சிப்காட் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகன், பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைவீதியில் குறைந்த விலைக்கு வாங்கிவந்த பழைய பொறி இன்னொரு வீட்டில். பொறி வந்துவிட்டது, அதைப் பேணும் அறிவு உடன் வந்ததா? அதுவே கேள்வி.

ஏனெனில் பொறி நின்றுவிட்டால் நகரத்தார்க்கு அது ஒரு மணி நேரத்துத் தொல்லை. நமக்கோ, அதைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, பேருந்தேறி, தேன்கனிக்கோட்டைக்கோ ஓசூருக்கோ செல்லவேண்டும். ஒரு நாள் கூலி போயிற்று. அங்கே பழுதுபார்ப்பவர் சொல்லும் தொகை சரியா, தவறா என்று அறிய வழியில்லை. ஆகவே பல வீடுகளில், சிறிய கோளாறு கண்ட பொறிகூடப் பரண்மேல் ஏறிவிடுகிறது. அதனோடு ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவிய கருவியும் பரணேறிவிடுகிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். கணிப்பொறி மக்கர் செய்தால் நம்மவர் உடனே சொல்வது, “வைரஸ் வந்துவிட்டது” என்பதே. உண்மையில் இல்லத்துக் கணிப்பொறியின் கோளாறுகளுள் பெரும்பாலானவை மிக எளிய காரணங்களிலிருந்து பிறப்பவை. காய்ச்சல் என்பது நோயன்று, நோயின் அறிகுறி. மருத்துவர் காய்ச்சலைக் கண்டதும் அது எதனால் வந்தது என்று தேடுகிறார் அல்லவா? அவ்வாறே பொறியின் அறிகுறியிலிருந்து அதன் காரணத்தை நோக்கிச் செல்லக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். அக்காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மின்சாரம் எனும் முதற்காரணம்

நம் வீடுகளுக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். ஆனால் காட்டின் ஊடாகவும் மேட்டின் மேலாகவும் நெடுந்தூரம் வரும் கம்பியின் கடைசி முனையில் இருக்கும் வீடுகளில், அது எப்பொழுதும் அவ்வளவாக இருப்பதில்லை. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் மோட்டார்கள் ஒருங்கே ஓடத் தொடங்கும்போது விளக்கு மங்குவதை நாமே காண்கிறோம். மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பும் கணத்தில் அழுத்தம் திடீரென உயர்வதும் உண்டு.

மடிக்கணினியின் சார்ஜர் இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அதன் அடிப்புறத்தைப் படித்துப் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். மேலும் மின்சாரம் நின்றாலும் உள்ளிருக்கும் பேட்டரி கைகொடுக்கும். மேசைக் கணிப்பொறிக்கோ அத்தகைய துணை இல்லை. அது எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்தால், பாதி எழுதப்பட்ட கோப்பு சிதைகிறது. சில வேளைகளில் பொறியை இயக்கும் அடிப்படை மென்பொருளே சிதைந்து, மறுநாள் பொறி விழித்தெழ மறுக்கிறது. யு.பி.எஸ். எனும் சிறு பெட்டி அளிக்கும் பத்து நிமிட மின்சாரம், பாட்டுக் கேட்பதற்காக அன்று. செய்த வேலையைச் சேமித்து, பொறியை முறையாக அணைப்பதற்காக.

அடுத்தது எர்த். மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனை எதற்கு என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? சில வீடுகளில் அது துளையில் நுழையவில்லை என்று ஒடித்தே விடுகிறார்கள்! பொறியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் ‘சுர்’ரென்று உறுத்துகிறது என்றால், அது பெரும்பாலும் எர்த் இணைப்பு இல்லாததன் அறிகுறி. பெட்டியில் கசியும் சிறு மின்சாரம் நிலத்திற்குச் செல்ல வழியின்றித் தொடுபவரின் உடல் வழியே செல்கிறது. இது பொறிக்கு மட்டுமன்று, குழந்தைகளுக்கும் ஆபத்து. கரியும் உப்பும் இட்டுக் குழி தோண்டி எர்த் அமைக்கும் பழைய முறை, செலவு குறைந்தது, உயிரைக் காப்பது. ஓர் எலக்ட்ரீசியனைக் கொண்டு இதைச் செய்துகொள்வது புதுப் பொறி வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை.

இடி மின்னலைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். சித்திரை, வைகாசியில் இம்மலைப்பகுதியில் பெய்யும் கோடை மழை இடியோடு வருவது. மின்னல் கம்பத்தில் நேராக விழவேண்டியதில்லை. தொலைவில் விழுந்தாலும் கம்பி வழியே வரும் பேரழுத்தம் பொறியைக் கருக்கிவிடும். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே பிடுங்கி வைத்தல் வேண்டும். இணையத்திற்கெனத் தொலைபேசிக் கம்பியோ கேபிளோ வீட்டிற்குள் வந்தால் அதையும் கழற்றவேண்டும். மின்னல் அவ்வழியாகவும் வரும். இவற்றையெல்லாம் இடி நெருங்குமுன் செய்யவேண்டும்; தலைக்குமேல் இடிக்கும்போது கம்பியைத் தொடலாகாது.

வெப்பமும் தூசியும்

கணிப்பொறியின் மூளை எனத்தகும் பிராசசர், ஒரு நகத்தின் அளவே உள்ள சில்லு. அது வேலை செய்யும்போது கொதிக்கும் நீரின் வெப்பத்தை நெருங்குவதும் உண்டு. அவ்வெப்பத்தை வெளியேற்றவே உள்ளே ஒரு சிறு விசிறி சுழல்கிறது. வெப்பம் எல்லை மீறினால், பொறி தன்னைக் காத்துக்கொள்ள முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். அப்பொழுதும் தணியாவிட்டால் தானாகவே அணைந்துவிடும். இது பழுதன்று, தற்காப்பு.

ஆகவே அறிகுறியைக் கூர்ந்து நோக்குங்கள். பொத்தானை அழுத்தியும் உயிரே வரவில்லையா? பெரும்பாலும் மின்சாரம், சார்ஜர், கம்பி ஆகியவற்றில் கோளாறு. நன்றாக இயங்கத் தொடங்கி, இருபது நிமிடம் கழித்து அணைகிறதா? சிறிது ஆறியபின் மீண்டும் இயங்குகிறதா? அங்கே வெப்பத்தைச் சந்தேகியுங்கள்.

வெப்பம் மிகுவதற்குக் காரணம் பெரும்பாலும் தூசி. நம் செம்மண் புழுதி, ராகி அடிக்கும் காலத்துச் சுணை, கருங்கல் குவாரி இருக்கும் ஊர்களில் கல்தூள், விறகடுப்பின் எண்ணெய்ப் பசையுள்ள புகை ஆகிய யாவும் ஒன்றுசேர்ந்து விசிறியின் வாயில் கம்பளிபோல் படிந்துவிடுகின்றன. மேலும் நம் பிள்ளைகள் மடிக்கணினியை மெத்தைமேலும் போர்வைமேலும் வைத்துப் படம் பார்க்கிறார்கள். அடிப்புறத்துக் காற்றுத் துளைகள் அடைபட்டுப் பொறி மூச்சுத் திணறுகிறது. ஒரு பலகையை அடியில் வைத்தாலே பாதித் தொல்லை தீரும். மேசைக் கணிப்பொறியை ஆறு மாதத்திற்கொருமுறை மின்சாரத்திலிருந்து முற்றும் துண்டித்து, பக்கத் தகட்டைக் கழற்றி, உலர்ந்த மென்தூரிகையால் தூசியை நீக்கலாம். அப்பொழுது விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். ஈரத்துணி உள்ளே செல்லவே கூடாது.

பூச்சிகளையும் மறக்கலாகாது. வெதுவெதுப்பான இருள் மூலை எறும்புக்கும் கரப்பானுக்கும் பல்லிக்கும் உகந்த இடம். எலிக்கோ கம்பி ஒரு தின்பண்டம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், மார்க்-2 எனும் மாபெரும் கணிப்பொறி தவறு செய்தபோது, பொறியாளர்கள் தேடிக் கண்டது அதன் இணைப்பு ஒன்றில் சிக்கி இறந்த விட்டிற்பூச்சியை. அதைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். அக்குறிப்பேடு இன்றும் அந்நாட்டு அருங்காட்சியகத்தில் உள்ளது. பொறியின் கோளாறைப் ‘பூச்சி’ என்று சொல்லும் ஆங்கில வழக்கு அதற்கும் முந்தியது. அன்று உண்மையிலேயே ஒரு பூச்சி அகப்பட்டது!

மேசையும் குதிரும்

“பொறி மிகவும் மெதுவாகிவிட்டது” என்பது அடுத்த முறையீடு. கணிப்பொறிக்கு இருவகை நினைவு உண்டு. ரேம் என்பது நாம் எழுதும் மேசை போன்றது. ஹார்டு டிஸ்க் தானியம் சேர்த்துவைக்கும் குதிர் போன்றது. மேசை சிறிதாயின், ஒரு நூலை விரிக்க இன்னொன்றை எடுத்துவைக்க வேண்டும். பத்து வேலைகளை ஒரே நேரத்தில் திறந்துவைத்தால் பொறியும் அவ்வாறே மேசைக்கும் குதிருக்குமாக ஓடி ஓடிக் களைக்கிறது. குதிரும் கழுத்துவரை நிரம்பிவிட்டால் கேட்கவே வேண்டாம். தேவையற்ற திரைப்படங்களை நீக்குவதும், பொறி தொடங்கும்போதே தாமாக ஓடத் தொடங்கும் மென்பொருள்களை நிறுத்துவதும் செலவில்லாத மருந்து.

ஹார்டு டிஸ்கின் உள்ளே வட்டத்தகடு ஒன்று, மடிக்கணினியில் பொதுவாக நிமிடத்திற்கு 5400 முறை சுழல்கிறது. அதைப் படிக்கும் முள், தகட்டைத் தொடாமல், தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் மிதக்கிறது. இயங்கும் பொறியைத் தூக்கி ‘தொப்’பென்று வைத்தால் அம்முள் தகட்டில் இடிக்கிறது. பிறகு ‘டிக், டிக்’ என்ற ஓசை கேட்கத் தொடங்கும். அது இறுதி எச்சரிக்கை. அப்பொழுது முதலில் செய்யவேண்டியது பழுது நீக்குவதன்று. உள்ளிருப்பதை வேறிடத்தில் படியெடுப்பது. இக்காலத்தில் சுழலும் பகுதியே இல்லாத எஸ்.எஸ்.டி. வந்துள்ளது. பத்தாண்டுப் பழைய மடிக்கணினியிலும் இதைப் பொருத்தினால், அது புத்துயிர் பெற்றதுபோல் விரைவாக இயங்கும். புதுப்பொறி வாங்க எண்ணுவோர் இதை முதலில் விசாரித்துப் பார்க்கட்டும்.

பேட்டரியைப் பற்றி ஒரு சொல். லித்தியம் பேட்டரி சில நூறு முறை ஏறி இறங்கியதும் தன் கொள்ளளவை இழப்பது இயற்கை. அது முதுமை, நோயன்று. பேட்டரி செத்துவிட்டது என்பதற்காகப் பொறியை ஒதுக்கவேண்டாம். பெரும்பாலான பொறிகள் சார்ஜர் இணைப்பிலேயே இயங்கும். ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். அதைக் குத்துவதோ அழுத்துவதோ தீப்பற்றச் செய்யும்.

மென்பொருளின் கோளாறுகள்

இனிக் கண்ணுக்குப் புலப்படாத காரணங்களுக்கு வருவோம். வைரஸ் இல்லை என்று நான் கூறவில்லை. 1986ஆம் ஆண்டிலேயே லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெயின்’ எனும் வைரஸ் உலகெங்கும் பரவியது. 2017 மே 12ஆம் நாள் தொடங்கிய ‘வான்னாக்ரை’ தாக்குதல், 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ஆனால் அதில் ஒரு பாடம் உண்டு. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அத்திருத்தத்தை ஏற்றாமல் விட்ட பொறிகளும், நிறுவனம் கைவிட்ட மிகப் பழைய பதிப்புகளில் ஓடிய பொறிகளுமே அகப்பட்டன. ‘அப்டேட்’ கேட்கும்போதெல்லாம் ‘பிறகு’ என்று தள்ளிவைப்பது கதவைத் திறந்துவைத்து உறங்குவதற்கு ஒப்பாகும். விண்டோஸ் 7 பதிப்பிற்கு 2020 ஜனவரி 14ஆம் நாளோடும், விண்டோஸ் 10 பதிப்பிற்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடும் பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. புதிய பதிப்பு ஏறாத பழைய பொறிகளில், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம்.

நம் ஊர்களில் வைரஸ் பெரும்பாலும் பென் டிரைவில் ஏறி வருகிறது. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துத் திரும்பியபின், கோப்புகள் யாவும் மறைந்து, அம்புக்குறியிட்ட போலிச் சின்னங்கள் மட்டும் தெரியும். உள்ளே இருந்தது அழிந்துவிட்டது என்று பதறி, பென் டிரைவை முற்றும் துடைத்துவிடுவோர் பலர். உண்மையில் அவ்வகை வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்துவைக்கிறது. அறிந்தவர் கையில் கொடுத்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

மாறாக, திருத்தமே தீங்காவதும் உண்டு. 2024 ஜூலை 19ஆம் நாள் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் பொறிகள் நீலத்திரையோடு நின்றன. நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரு விமான நிலையத்திலும் பயணிகள் காத்துக் கிடந்தார்கள். பகைவரின் தாக்குதலோ என்று பலர் அஞ்சினர். காரணமோ, கிரவுட்ஸ்டிரைக் எனும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையுள்ள ஒரு கோப்பு! பேரறிஞர்கள் நடத்தும் நிறுவனங்களிலும் காரணம் எதிர்பாராத இடத்தில் இருந்ததென்றால், நாம் அவசரப்பட்டு முடிவு கட்டலாமா?

தமிழில் எழுதுவோர்க்கு இன்னொரு தொல்லை. பழைய பத்திரத்தையோ திருமண அழைப்பிதழையோ திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றுகின்றன. இது பழுதும் அன்று, வைரஸும் அன்று. முன்னாளில் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துகளைத் தத்தம் முறையில் குறித்தன. அந்த எழுத்துரு நம் பொறியில் இல்லாததே காரணம். உலகப் பொதுமுறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010ஆம் ஆண்டு ஏற்றது. பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் விலையின்றியே கிடைக்கின்றன.

ஒரு சிறு பொத்தானின் கதை

காரணமும் அறிகுறியும் எவ்வளவு தொலைவில் இருக்கக்கூடும் என்பதற்கு ஒரு சான்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி, கல்லூரிச் சேர்க்கைக்கு இணைய வழியே விண்ணப்பிக்க அமர்கிறாள் என்று கொள்வோம். இணைய இணைப்பு இருக்கிறது. ஆயினும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் “இது பாதுகாப்பற்றது” என்று பொறி தடுக்கிறது. கடைசி நாள் நெருங்குகிறது. வைரஸ் என்கிறார் ஒருவர்; மதர்போர்டு போயிற்று, புதிது வாங்குங்கள் என்கிறார் மற்றொருவர். தந்தை கடன் கேட்கப் புறப்படுகிறார்.

திரையின் மூலையில் தேதியைப் பார்த்தவர் யாருமில்லை. அங்கே பல ஆண்டுகளுக்கு முந்திய தேதி! பொறியின் உள்ளே, மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவதற்கென்று ஒரு ரூபாய் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கிறது, சி.ஆர்.2032 என்பது அதன் பெயர். அது தீர்ந்தால் பொறி நாளை மறந்துவிடுகிறது. இணையத்தளங்கள் ஒவ்வொன்றும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்ற சான்றிதழைக் காட்டுகின்றன. பொறியின் கணக்கிலோ அந்நாள் இன்னும் பிறக்கவேயில்லை! எனவே நம்ப மறுக்கிறது. தேதியைத் திருத்தினால் அக்கணமே பக்கம் திறக்கும். மிகக் குறைந்த விலையுள்ள அந்தப் பேட்டரியை மாற்றினால் கோளாறு நீங்கும். கடனும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம்.

காரணத்தைத் தேடும் முறை

ஆகவே பொறி பழுதுற்றால் பதற்றமின்றிச் சில கேள்விகளைக் கேளுங்கள். நேற்றுவரை நன்றாக இருந்ததா? இடையில் புதிதாகச் செய்தது என்ன? புது மென்பொருளா, புதுக் கருவியா, இடம் மாற்றமா, மின்தடையா? கோளாறு எப்பொழுதும் வருகிறதா, சிற்சில வேளையில் மட்டுமா? திரையில் தோன்றிய எச்சரிக்கையின் சொற்கள் யாவை? அவற்றை அப்படியே ஒரு தாளில் எழுதிவையுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுங்கள். அந்தத் தாள் பழுதுபார்ப்பவருக்குப் பேருதவி. ஏமாற்றக் கருதுவோர்க்கோ ஒரு தடை.

எளியதையே முதலில் சோதியுங்கள். பிளக் பாயிண்டில் வேறொரு விளக்கு எரிகிறதா? கம்பி இறுக்கமாக உள்ளதா? அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, மீண்டும் இயக்கியாயிற்றா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பாருங்கள். மூன்றை ஒருங்கே மாற்றினால், குணமானாலும் காரணம் தெரியாது. மேலும், திடீரென்று தொலைபேசியில் அழைத்தோ திரையில் அலறியோ, “உங்கள் பொறியில் வைரஸ், உடனே பணம் செலுத்துங்கள்” என்று கூறுவோரை நம்பவே வேண்டாம். அவ்வாறு பணம் இழந்தவர் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. பொறியின் எந்த உறுப்பையும் காசு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். மறைந்த பாட்டியின் ஒரே புகைப்படத்தையும், மகள் இரவுகள் பல விழித்து எழுதிய ஆய்வேட்டையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனவே முக்கியமானவற்றை மாதம் ஒருமுறை வேறொரு பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ படியெடுத்து, பொறியிலிருந்து கழற்றி, தனியே பெட்டியில் வைக்கும் வழக்கத்தை ஒவ்வொரு குடும்பமும் மேற்கொள்வதாக. ரேஷன் அட்டையையும் பட்டாவையும் பேணும் வீட்டார்க்கு இது புதிய பாடமன்று. வீட்டில் எவரேனும் ஒருவர் இப்பொறுப்பை ஏற்றுக்கொள்ளட்டும். அதைப் பெரும்பாலும் பள்ளியில் படிக்கும் பிள்ளையே விரும்பி ஏற்கும். அந்தப் பிள்ளைக்குக் காரணத்தைத் தேடும் பொறுமையைக் கற்றுக்கொடுப்பது பெற்றோரின் கடமை. கணிப்பொறிக்கு மட்டுமன்றி, வாழ்க்கைக்கும் அப்பொறுமை பயன்படும்.